கோவாவில் குடும்பத்தோடு கடற்கரை விடுதி: ராத்திரிக் கொண்டாட்டமும் வேண்டும், குழந்தையும் தூங்க வேண்டும் என்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கலங்குட் பக்கம் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். தமிழ் பேசும் ஆள் இருப்பது தெரிந்தால் போதும், தமிழ்நாட்டிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். விசாரிப்பவர்கள் வேறு வேறு. சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். விடுதிக்கு ஆள் பிடிக்கும் எண்ணம் இல்லை என்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை.

கோவா என்றாலே குடியும் கூத்தும்தான் என்கிறார்கள். குழந்தை குட்டியோடு வரலாமா?

தாராளமாக வரலாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கலங்குட் கடற்கரையில் நின்று பாருங்கள்: புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கும் பாட்டிகள், மணலில் பள்ளம் தோண்டும் பிள்ளைகள், பிள்ளைகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிற்கும் அப்பாக்கள். குடிக்கிறவர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

இங்கே ராத்திரிக்கு இரண்டு பாகம் உண்டு. பொழுது சாய்ந்ததிலிருந்து பத்து மணி வரை ஒன்று. அது எல்லோருக்கும் பொது. பத்துக்கு மேல் சூடு பிடிப்பது மற்றொன்று. அது சுவர்களுக்குள்ளே, பெரியவர்களுக்கு. குடும்பத்தோடு வந்து நொந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாகத்தின் வாசலிலேயே அறை எடுத்தவர்கள்தான்.

வட கோவாவா, தென் கோவாவா? எதில் தங்குவது?

கடல், மணல், அமைதி மட்டும் போதும் என்றால் தெற்கே பெனாலிம், வர்கா, கவெலோசிம் பக்கம் போங்கள். மணல் அகலம், கூட்டம் குறைவு, பெரிய வளாகங்கள். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு விடுதி வாசலைத் தாண்டிப் போய்ப் பார்க்க அங்கே அதிகம் இருக்காது. வளாகத்துக்குள் நடப்பதுதான் நிகழ்ச்சி.

சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் நடக்க வேண்டும், பாட்டு கேட்க வேண்டும், கடைகளைப் பார்க்க வேண்டும் என்றால் வடக்குதான். இனி வரும் கேள்விகள் பெரும்பாலும் வடக்கைப் பற்றியவை.

பாகா, கலங்குட், காண்டோலிம் எல்லாம் பக்கத்துப் பக்கம்தானே? எங்கே எடுத்தால் என்ன?

வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுதான். தெற்கே சிங்குவெரிமில் தொடங்கி வடக்கே பாகா ஆறு கடலில் கலக்கும் இடம் வரை ஆறேழு கிலோமீட்டருக்கு ஒரே மணல். ஆனால் வடக்கே போகப் போக ராத்திரி நீண்டுகொண்டே போகும். காண்டோலிமில் பத்தரைக்குத் தெரு அடங்கத் தொடங்கும். கலங்குட் நடுவாந்தரம், பகலில் கூட்டம் இங்கேதான் அதிகம். பாகாவில், குறிப்பாக டிட்டோஸ் சந்து என்று எல்லோரும் சொல்லும் தெருவில், பத்தரைக்குத்தான் ஆட்கள் வந்து சேரவே ஆரம்பிப்பார்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது: காண்டோலிமிலோ, கலங்குட்டின் தெற்குப் பாதியிலோ தங்கிக்கொண்டு பாகாவுக்குப் போய் வாருங்கள். பாகாவில் தங்கி அமைதியைத் தேடிப் போக முடியாது.

எந்த விமான நிலையத்துக்கு டிக்கெட் போடுவது? ரயில் உண்டா?

கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள். நடுவில் இருப்பது டபோலிம். வடக்கே மோப்பாவில் இருப்பது 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. டிக்கெட்டில் ஜி.ஓ.ஐ என்றிருந்தால் டபோலிம், ஜி.ஓ.எக்ஸ் என்றிருந்தால் மோப்பா. கலங்குட்டுக்கு மோப்பா சற்றே பக்கம். ஆனாலும் இரண்டிலிருந்தும் ஒரு மணி நேரம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது வேறொன்று என்று டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் தவறான பக்கம் ஓடுகிறவர்கள் உண்டு.

ரயிலில் வந்தால் பலரும் இறங்குவது மட்காவ். வண்டி திவிமில் நிற்குமானால் அங்கே இறங்குங்கள். வட கோவாவுக்கு அதுதான் கிட்டம்.

எங்களுக்குப் பள்ளி விடுமுறையில்தான் முடியும். மே மாதம் வரலாமா?

வரலாம். புழுக்கம் அதிகம், பகல் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை அறையை விட்டு வெளியே வர மனம் வராது. மணலில் போடப்படும் கொட்டகை உணவகங்களை இங்கே ஷாக் என்பார்கள். அவை பருவக்கடை. மே முடிவோடு பிரித்துவிடுவார்கள், மழை ஓய்ந்து அக்டோபரில்தான் மறுபடி கட்டத் தொடங்குவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்கவே கூடாது. காலாண்டு விடுமுறைக்கு வருகிறவர்கள், வாடகை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் இதை யோசிக்க வேண்டும்: அறை கிடைக்கும், நீங்கள் தேடி வந்த கடற்கரை பாதிதான் கிடைக்கும்.

யாரும் கேட்காமலே நான் சொல்லும் பதில் பொங்கல் விடுமுறை. புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும், காற்று இதமாக இருக்கும், ஷாக்குகள் எல்லாம் திறந்திருக்கும்.

அறையை எப்படிக் கேட்டு வாங்குவது? கடல் பார்த்த அறைதானே நல்லது?

இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதிப் பயணம் தேறிவிடும். கடற்கரை விடுதிகளில் கடல் பார்த்த அறைக்கும் கடலுக்கும் நடுவில் பெரும்பாலும் நீச்சல் குளம் இருக்கும். குளத்தின் ஓரத்தில் ராத்திரிச் சாப்பாடு போடுவார்கள். அங்கேயே பாடகர் நிற்பார், ஒலிபெருக்கி இருக்கும். அதாவது, அதிக வாடகை கொடுத்து வாங்கிய ஜன்னல் நேராக ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னலைச் சாத்தினால் பாடுகிறவரின் குரல் குறையும். தாளத்தின் அதிர்வு சுவர் வழியாக வந்து கட்டில்வரை தெரியும். இதைத்தான் குழந்தைகளால் தாங்க முடிவதில்லை.

ஆகவே தொலைபேசியில் 'அமைதியான அறை இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் பதில் வரும். நானும் அப்படித்தான் சொல்வேன். ராத்திரி பாட்டு எந்த இடத்தில், எத்தனை மணி வரை, வாரத்தில் எந்தெந்த நாள்? இந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? அடுத்த வளாகத்தில் மதுக்கூடமோ கல்யாண மண்டபமோ உண்டா? இப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் பொய் சொல்லத் தயங்குவார். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

தோட்டம் பார்த்த பின்கட்டு அறை, இரண்டாம் மாடி: நடக்கத் தொடங்கிய பிள்ளை இருந்தால் என் தேர்வு இதுதான். கதவைத் திறந்தால் குளம் என்று விளம்பரம் செய்யும் தரைத்தள அறைகளைப் படத்தில் பார்த்து மயங்காதீர்கள்; இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கதவின் தாழ்ப்பாள் எட்டும். மாடி அறையானால் உப்பரிகைக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று உள்ளே நுழைந்ததும் பாருங்கள். நாற்காலிகளை அறைக்குள் இழுத்துப் போட்டுவிடுங்கள்.

பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? பிறகு எப்படி இரண்டு மணி வரை கேட்கிறது?

சட்டம் இருப்பது உண்மை. நாடு முழுவதற்கும் பொருந்தும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதி தரலாம். மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் பத்தடித்ததும் மணலில் இருந்த கூட்டம் எழுந்து சுவர்களுக்குள்ளே போகிறது. உள்ளே போனாலும் வெளியே கேட்கும் அளவுக்கு வரம்பு இருக்கிறது: இரவில் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. எல்லோரும் அதை மதிக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தெற்கே பாலோலெமில் இதற்கு வேடிக்கையான வழி கண்டார்கள். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் காதில் மாட்டும் ஹெட்போன் கொடுத்துவிடுவார்கள். பாட்டு அவர்களுக்கு மட்டும் கேட்கும். வெளியே நின்று பார்த்தால் நூறு பேர் சத்தமே இல்லாமல் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பையனுக்கு ஆறு வயது. அவனுக்கும் காசு வாங்குவீர்களா?

விடுதிக்கு விடுதி மாறும். பரவலான வழக்கம் இது: ஐந்து வயது வரை பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் இலவசம், ஆறிலிருந்து பதினொன்று வரை காலை உணவுக்கோ கூடுதல் படுக்கைக்கோ ஒரு தொகை, பன்னிரண்டிலிருந்து பெரியவர் கணக்கு. வயதைக் குறைத்துச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். இங்கே ஆதார் அட்டையைக் கேட்போம். பிள்ளைக்கு எதிரிலேயே அந்தப் பேச்சு நடப்பது யாருக்கும் நன்றாக இல்லை.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 ரூபாய் ஆகும்; நூறு ரூபாய்தானே கூட என்று 7,600 ரூபாய் அறையை எடுத்தால் 8,968 ரூபாய் ஆகும்.

காலை உணவு மட்டும் போதுமா, மூன்று வேளையும் சேர்த்து எடுக்கலாமா?

விலைப்பட்டியலில் ஈ.பி என்றால் அறை மட்டும், சி.பி என்றால் காலை உணவோடு, எம்.ஏ.பி என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி என்றால் மூன்று வேளையும். வட கோவாவுக்குக் காலை உணவு மட்டும் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டிவிட்டால், வெளியே ஷாக்கில் உட்கார்ந்திருக்கும்போதுகூட 'அங்கே கட்டின காசு போகிறதே' என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தெற்கே பெரிய வளாகத்தில் தங்கினால் கணக்கு வேறு. வெளியே கடை தேடி அலைவதைவிட எம்.ஏ.பி நல்லது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. உடுப்பிச் சாப்பாட்டுக் கடைகள் இங்கே ஏராளம். இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஷாக்குகளிலும் சைவம் உண்டு. ஆனால் ஒரே சமையலறை, ஒரே சட்டி. அது ஒத்துவராதவர்கள் தனிச் சைவக் கடைக்கே போங்கள். குழந்தைக்குத் தயிர்சாதம் வேண்டும் என்றால் விடுதிச் சமையல்காரரிடம் மாலை ஆறு மணிக்கே சொல்லிவையுங்கள். இரவு ஒன்பதுக்குக் கேட்டால் சாதம் கிடைக்கும், தயிர் கிடைக்கும், குழைய யாரும் பிசைந்து தர மாட்டார்கள்.

பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ராத்திரியில் எங்கே போகலாம்?

முதலில் சொன்ன முதல் பாகம் இதுதான். பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பே ஒரு ஷாக்கில் மணலில் போட்ட மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் மேசைக்கு மேசை மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பெரியவர்கள் நிதானமாகச் சாப்பிடலாம்; பிள்ளைகள் பத்தடி தள்ளி உங்கள் கண்ணெதிரிலேயே மணலில் விளையாடுவார்கள். மீன் வறுவல் கேட்டால் தட்டில் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போதே எடையையும் விலையையும் கேட்டுவிடுங்கள், சாப்பிட்ட பிறகு கேட்பதில் பயன் இல்லை.

சனிக்கிழமையானால் பாகாவுக்குப் பக்கத்தில் அர்போராவில் இரவுச் சந்தை உண்டு. நவம்பர் வாக்கில் தொடங்கும், மழைக்காலத்தில் இருக்காது. துணி, விளக்கு, தின்பண்டம், மேடையில் பாட்டு. ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சாலையிலேயே சந்தை நேரம் கழிந்துவிடும். இன்னொரு நாள் பணஜிக்குப் போய் மாண்டவி ஆற்றில் மாலைப் படகு ஏறலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்தளத்தில் கொங்கணி நாட்டுப்புற ஆட்டம் போடுவார்கள். நம் பாட்டிகள் மேடைக்கு ஏறி ஆடிவிட்டு வந்து, மறுநாள் காலை என்னிடம் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் இருவர் மட்டும் ஒரு ராத்திரி வெளியே போய்வர ஆசை. தூங்கும் குழந்தையை அறையில் விட்டுப் போகலாமா? ரிசப்ஷனில் பார்த்துக்கொள்வீர்களா?

மாட்டோம். எந்த ரிசப்ஷனும் ஒரு மூடிய கதவைப் பார்க்கும், குழந்தையைப் பார்க்காது. சில பெரிய விடுதிகளில் மணிக்கணக்கில் பிள்ளை பார்க்க ஆள் அனுப்புவார்கள். அவர் விடுதியின் ஊழியரா, வெளியாளா என்று கேளுங்கள். முதல் நாள் பகலிலேயே குழந்தையோடு பழகவிட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் ஒரு ராத்திரி அவர்கள் பொறுப்பு. இரண்டு குடும்பங்களாக வந்தால் ஒருநாள் இவர்கள், ஒருநாள் அவர்கள். நடுவில் கதவு வைத்த ஜோடி அறைகள் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

போகும் இடத்தில் 21 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை கேட்கலாம். கோவாவில் மது அருந்தும் வயது அதுதான். உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எத்தனை, அவை எங்கே என்று பாருங்கள். அடித்தளத்திலோ குறுகலான ஒற்றை வாசலோடோ இருந்தால் திரும்பிவிடுங்கள். 2025 டிசம்பரில் அர்போராவில் ஓர் இரவு விடுதியில் பிடித்த தீயில் 25 பேர் இறந்தார்கள்.

கேசினோ படகுக்குப் பிள்ளைகளோடு போக முடியுமா?

சூதாட்டத் தளத்துக்கு 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறது என்று விளம்பரம் செய்தாலும் நான் பரிந்துரைப்பதில்லை. மாண்டவிப் படகுக்கே போங்கள்.

கடலில் இறங்குவது பாதுகாப்பா? ராத்திரியில் காலை மட்டும் நனைக்கலாமா?

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. உயிர்காக்கும் காவலர்கள் காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை மணலில் இருப்பார்கள். ஜெல்லி மீன் சுட்டாலும் அவர்களிடம்தான் முதலில் ஓட வேண்டும். நீங்களாகத் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம்.

இருட்டிய பிறகு காலைக்கூட நனைக்காதீர்கள். அடிமணலை அலை இழுப்பது இருட்டில் தெரியாது. குடித்தவர்கள் இறங்கவே கூடாது. அவர்களிடம் சொன்னால் கேட்பதில்லை என்பதால் கூட வந்தவர்களிடம் சொல்கிறேன்.

நீச்சல் குளத்தில் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்களாமே? எங்கள் வீட்டுப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள்.

பருத்தித் துணிக்குத்தான் தடை. நூல் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். முழங்கை, கணுக்கால் வரை மூடும் நைலான் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது. அதை யாரும் தடுப்பதில்லை. காலை எட்டு மணிக்குக் குளம் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். குளம் மாலை ஏழு, எட்டுக்கு மூடிவிடும் என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எப்படித் திரும்புவது? ஸ்கூட்டர் எடுக்கலாமா?

ஓலா, ஊபரை நம்பி வராதீர்கள். கோவா மைல்ஸ் என்ற செயலி உண்டு. மற்றபடி டாக்சிக்காரரிடம் போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நள்ளிரவில் பேரம் பேச உங்களுக்கும் தெம்பு இருக்காது, அவருக்கும் இறங்கிவர மனசு இருக்காது.

ஸ்கூட்டர் பகலுக்கு நல்லது. கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் வாடகைக்கு விட உரிமம் உள்ள வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகத் தருவார்கள்; போலீஸ் நிறுத்தினால் மாட்டிக்கொள்வது நீங்கள். ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று நம் ஊர்ப் பழக்கத்தில் போகவே வேண்டாம்.

கடற்கரை மணலில் உட்கார்ந்து ஒரு பீர் குடித்தால் தப்பா?

ஷாக்கின் மேசையில் தப்பில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்த் திறந்த மணலில் குடித்தால் தப்பு. 2025இல் திருத்திய சட்டப்படி 5,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பொது இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பதற்கும் இதே கதிதான். வேன் எடுத்துக்கொண்டு பாத்திரத்தோடு வருகிறவர்கள் கவனிக்கவும்.

மாமனார், மாமியாரும் வருகிறார்கள். பக்கத்து மேசையில் குடிப்பதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களே?

முதல் நாள் சுளிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தை ஏழு மணியாக வைத்துக்கொண்டால் பக்கத்து மேசையும் குடும்ப மேசையாகவே இருக்கும். அவர்களுக்கு ஒரு பகலைத் தனியாக ஒதுக்குங்கள்: மங்கேஷி கோவில், பழைய கோவாவின் தேவாலயங்கள். ராத்திரி அவர்களை அறையில் விடும்போது, உங்கள் அறையைவிட அவர்களுடைய அறை பாட்டிலிருந்து தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறையைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் அவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

புத்தாண்டுக்கு வருகிறோம். 'காலா டின்னர்' என்று அன்றைய ராத்திரி விருந்துக்குத் தனியாகக் காசு கட்டச் சொல்கிறார்கள். கட்டாயமா?

பல விடுதிகளில் டிசம்பர் 24, 31 இரவுகளுக்குக் கட்டாயம்தான். அறை வாடகையில் சேராது. பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இருக்கும். பதிவு செய்யும் தளத்தில் இது சிறிய எழுத்தில் கீழே கிடக்கும். பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். அந்த இரவில் குழந்தைக்கு அமைதியான அறை எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். கலங்குட்டில் அப்படி ஓர் அறை அன்றைக்குக் கிடையாது.

வந்து இறங்கிவிட்டோம். சத்தம் தாங்கவில்லை. இப்போது என்ன செய்வது?

பெட்டியைப் பிரிக்காதீர்கள். அறை மாற்ற முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் கேட்பவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு மேல் வந்து சேர்கிறவர்களுக்கு மீதி அறைகளைக் கொடுத்துவிடுவோம். 'தொல்லையாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, பின்கட்டில் இரண்டாம் மாடி அறை காலியா என்று குறிப்பாகக் கேளுங்கள். மின்னஞ்சலில் வாங்கி வைத்த பதில் இருந்தால் காட்டுங்கள். சத்தம் விடுதியினுடையது அல்ல, பக்கத்துக் கட்டடத்தினுடையது, மணியும் பத்தைத் தாண்டிவிட்டது என்றால் 112க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். உங்களுக்கு முன்பே நாங்கள் அழைத்திருப்போம். ஆனாலும் விருந்தினரின் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு.